ரோட்டைத் தாண்டிய செப்புக்கம்பி

மின்சார நிலையத்துக்குப் போய்க் கேட்டேன் என்று நான் சொன்னது பொய். அந்தப் பக்கமே நான் போகவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது அதுதான். அதை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அப்போது எனக்கு முப்பது வயதிருக்கும். கண்டி டவுனில் வாப்பாவின் இரும்புச் சாமான் கடையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி, பூட்டு, மண்வெட்டி, தோட்டங்களுக்குப் போகும் முள்ளுக்கம்பி, இவைதான் எங்கள் வியாபாரம். ஒரு நாள் தந்தி அலுவலகத்தில் தந்தி அடிக்கும் சிக்னலர் ஒருவர் வந்து, மெல்லிய செப்புக்கம்பி இருக்கிறதா என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். இவர் இங்கே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கம்பி என்னத்துக்கு என்று கேட்டேன். ரேடியோ கட்டுகிறேன் என்றார். அன்று கடையை மூடிவிட்டு அவருடைய அறைக்குப் போனவன், அதன் பிறகு அவரை விடவில்லை.

நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். எங்கள் தெருவில் எல்லாரும் கூப்பிடுவதுபோல அவர் என்னை நானா என்றார்; எங்கள் பேச்சில் அதுவும் அண்ணன்தான். அதனால் இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

அவர் கட்டியது இரண்டு வால்வு வைத்த ரேடியோ. அதில் நாங்கள் பாட்டோ செய்தியோ கேட்கவில்லை. உலகத்தின் எங்கெங்கோ இருந்த தனி மனிதர்கள், தங்கள் வீட்டில் தாங்களே கட்டிய கருவியால் சிற்றலையில் மோர்ஸ் அடித்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத்தான் கேட்டோம். எங்களுக்குக் கேட்க மட்டும்தான் லைசென்ஸ் இருந்தது. கேட்டதை எழுதி, நாள், நேரம், சத்தத்தின் தரம் எல்லாம் குறித்துத் தபாலில் அனுப்பினால், அவர்களும் ஓர் அட்டை அனுப்புவார்கள். அவர் தொழிலாலேயே மோர்ஸ் தெரிந்தவர். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டுப் பழகினேன்.

கொஞ்ச நாளில் ரேடியோ எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் ரோட்டுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது. அவருடைய அறையைவிட உயரம். கூரையிலிருந்து பலாமரம் வரை ஒரு ஏரியல் கட்டினோம். அது சிறியது. மாலையில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்க்கும் ஒருவர் அந்த நேரத்தில் வருவார். தன் பெயரைச் சொல்வார், மழை இல்லை என்பார், பிறகு இரைச்சலில் மூழ்கிவிடுவார். இரண்டு மாதம் அந்த மனிதரை நாங்கள் முழுதாகக் கேட்கவேயில்லை.

கம்பி மிக நீளமாக இருந்தால், அது எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அந்தத் திசையிலிருந்து வருவது நன்றாகக் கேட்கும் என்று அண்ணன் ஒரு சஞ்சிகையில் வாசித்துச் சொன்னார். நான் வாசலில் போய் நின்று பார்த்தேன். ஆஸ்திரேலியா இருக்கும் தென்கிழக்கில், பள்ளத்துக்கு அப்பால், எதிர்ச்சரிவில் ஒரு சின்னத் தேயிலைக் காணி இருந்தது. அதன் மேல் விளிம்பில் உயரமான சவுக்கு மரம் ஒன்று. அளந்து நட்டதுபோல அந்தத் திசைக்கே நேராக நின்றது.

"ரோட்டுக்குக் குறுக்காலே வேண்டாம் நானா," என்றார் அண்ணன். "கீழே கரண்ட் லைன் போகுது. இந்தச் சரிவிலேயே கட்டுவம்."

"இந்தச் சரிவு வடக்க தெக்காலதானே போகுது அண்ணன். அந்த ஆஸ்திரேலியா ஆள் இரிக்கிற அங்கால."

"அவர் இருக்கட்டும். நாங்களும் இருக்கவேணும்."

நான் விடவில்லை. ஒரு வாரம் கரைச்சல் கொடுத்தேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை சொன்னார்.

"நீர் மின்சார நிலையத்துக்குப் போய்க் கேளும். பகலிலே அந்த லைனிலே கரண்ட் இருக்கோ இல்லையோ எண்டு. இருந்தால், ஒரு மணித்தியாலம் நிப்பாட்டித் தருவினமோ எண்டும் கேளும். அதுக்குப் பிறகு பாப்பம்."

சரி என்றேன். கடையிலிருந்து அந்த இடம் நடக்கும் தூரம்தான். திங்கட்கிழமை போகலாம் என்றிருந்தேன், போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம், உண்மை அதுவல்ல. கேட்டால் கட்டவே கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். கேட்காதவரை யாரும் மறுக்கவில்லை. அந்த ரோட்டு விளக்குகள் பொழுது பட்ட பிறகுதான் எரியும் என்பதை என் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தேன். விளக்கு எரியாத நேரத்தில் கம்பியில் கரண்ட் எதற்கு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் சொல்லிக்கொண்டதில் அது எனக்குத் தெரிந்த விஷயமாகவே ஆகிவிட்டது.

சனிக்கிழமை அண்ணன் கடைக்கு வந்தார்.

"கேட்டனீரோ?"

"கேட்டேன் அண்ணன். பகல்ல அந்த லைன்ல கரண்ட் இல்லையாம்."

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட என் கணிப்பைச் சொன்னதாக இருந்திருக்கும். 'இல்லையாம்' என்றேன். யாரோ தெரிந்தவர் சொல்ல நான் கேட்டுக்கொண்டு வந்ததுபோல. சொல்லிவிட்டு ஒரு வாடிக்கைக்காரருக்கு ஆணி நிறுக்கத் திரும்பிக்கொண்டேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. எதிர்க்காணியின் சொந்தக்காரர் அந்த ஒரு நாள்தான் மரத்தில் ஏற விட்டிருந்தார். காணியைப் பார்த்துக்கொண்ட காவல்காரர், ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் இறக்கும் வேலை பார்த்தவர். கயிறும் கம்பியும் அவருக்குக் கைவந்த விஷயம். ஒரு கல்லில் நூலைக் கட்டி, ரோட்டுக்கு மேலே போன மின்கம்பிகளுக்கும் மேலாக எறிந்தார். மூன்றாம் தரம் சரியாகப் போய் விழுந்தது. நூலால் கயிற்றை இழுத்தோம். கயிற்றின் நுனியில் கரண்ட் கடக்காத ஒரு பீங்கான் முட்டையைக் கோத்து, அதில் செப்புக்கம்பியைக் கட்டினோம். காவல்காரர் சவுக்கில் ஏறிக் கயிற்றைக் கிளைக்கு மேலால் போட்டு இறக்கினார். இனி நானும் அவரும் மரத்தடியில் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். எங்கள் வீட்டு முற்றத்தில் அண்ணன் கம்பியைத் தளரவிடாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் உயரமென்பதால், கம்பி இறுக்கமாக இருக்கும்வரை மின்கம்பிகளுக்கு நன்றாக மேலே நிற்கும்.

பேசினால் கேட்காத தூரம். ஒரு கையைத் தூக்கினால் இழு, இரண்டு கையையும் தூக்கினால் நில் என்று பேசிவைத்திருந்தோம்.

முக்கால்வாசி வேலை முடிந்தபோது தூறல் போட்டது. அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். வானத்தைப் பார்த்தார். நான் ஒரு கையைத் தூக்கினேன். அவர் அப்படியே நின்றார். நான் மறுபடியும் தூக்கினேன். இந்த மழை வலுத்தால் வேலை நிற்கும், இன்று நின்றால் இந்த மரம் திரும்பக் கிடைக்காது. எனக்கு அது மட்டும்தான் மண்டையில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவர் கம்பியின் கடைசி நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். கூரை மூலையில் இருந்த பீங்கானில் அதைக் கோத்துவிட்டால் முடிந்தது. செருப்பைக் கழற்றியிருந்தார். புல் நனைந்திருந்தது.

அந்த நேரம் எங்கள் பக்கம் கயிறு கிளைக் கவட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து உதறினேன். நனைந்த கயிறு என் கையிலிருந்து வழுக்கி இரண்டு பாகம், இரண்டு ஆள் நீளம், ஓடியது.

இரண்டு பாகம்தான். பள்ளத்தின் நடுவில் கம்பி தாழ்ந்ததைப் பார்த்தேன். மின்கம்பியில் 'சட்' என்று ஒரு சத்தம், ஒரு நீல வெளிச்சம். எதிரே முற்றத்தில் அண்ணன் உட்கார்ந்தார். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, களைத்துப் போய் உட்கார்வதுபோல. ஆனால் வலது கை மட்டும் எங்கள் பக்கமாக நீண்டே இருந்தது. யாரோ பிடித்து இழுப்பதுபோல அந்தக் கை ஆடியது.

கரண்ட் இருந்தது.

சமையலறைக் கதவு திறந்து என் மனைவி வெளியே வந்தாள். அவர் விழுந்ததைப் பார்த்துவிட்டு ஓடினாள். அவள் அவரைத் தொட்டால் அவளும் போய்விடுவாள். "தொடாத! தொடாத!" என்று கத்தினேன். என் குரல் தேயிலைக்கு மேலே மழையில் கரைந்துபோனது. அவள் ஓடிக்கொண்டேயிருந்தாள். அவளிடம் ஓடிப் போய்விடலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். பள்ளத்தில் இறங்கி ரோட்டைக் கடந்து படியேறிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"மொதலாளி, கத்தாதீங்க. இழுங்க," என்றார் காவல்காரர்.

அவர் ஏற்கனவே கயிற்றைப் பிடித்திருந்தார். நானும் பிடித்தேன். நனைந்த கயிற்றில் எறும்பு ஊர்வதுபோல உள்ளங்கை கூசியது. அவர் மரத்தில் காலை ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். கவட்டில் மாட்டியிருந்த கயிறு பட்டையை உரித்துக்கொண்டு விடுபட்டது. பள்ளத்தின் நடுவில் கம்பி எழும்பியது. மின்கம்பியை விட்டு ஒரு முழம், இரண்டு முழம். அப்போதுதான் அண்ணனின் கை திறந்தது. நுனி அவர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து, சரிவில் துள்ளிக்கொண்டு கீழே போனது. ரோட்டோரத்தில் மறுபடி மின்கம்பியில் பட்டு நெருப்புப் பறந்தது.

"நீங்க வீட்டுக்குப் போங்க. ரோட்ட நா பாத்துக்கிறேங்க," என்று சொல்லிவிட்டுக் காவல்காரர் கயிற்றை மரத்தில் கட்டினார்.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. தேயிலைச் செடிகள் முழங்காலைக் கிழித்தது பிறகுதான் தெரிந்தது. படியேறும்போது என் வீட்டு முற்றத்தில் ஒரு மௌத்தா, இரண்டு சாவா என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது.

என் மனைவி புல்லில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் தலை அவள் மடியில். அந்நிய ஆண் முன்னால் வராதவள் அவள். அன்று அதை அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவருக்கு மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. வலது கை சுருண்டு கிடந்தது. அதிலிருந்து வந்த வாடையை நான் எழுதப் போவதில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் உதட்டை அசைத்தார். குனிந்தேன்.

"கரண்ட் இருந்திட்டுது, நானா," என்றார். எனக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்வதுபோல.

கீழே காவல்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்று, தொங்கிய கம்பிக்குக் கிட்ட யாரும் வராமல் தடுத்துக்கொண்டிருந்தார். அவர் மறித்த வாகனங்களில் ஒரு மோட்டார் கார் இருந்தது. அதில்தான் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது என் மனைவி வாசலில் நின்றாள்.

"நான் கத்தினது கேட்டிச்சா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப ஏன் தொடல்ல?"

"கிட்டப் போனேன். அவர்ட கண்ணப் பாத்தேன். வராதங்கன்னு சொன்னாரு. வாயால இல்ல, கண்ணால." பிறகு கேட்டாள்: "பகல்ல கரண்ட் இல்லன்னு உங்களுக்கு யார் சொன்ன?"

நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுங்க," என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு நாளும் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சோறு போடப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை காலை மின்சார நிலையத்துக்குப் போனேன். விழுந்த கம்பி என்னுடையது என்று சொன்னேன். அங்கிருந்த சிங்கள உத்தியோகத்தர் வயதானவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். முதலிலேயே வந்து சொல்லியிருக்கலாமே, ஞாயிற்றுக்கிழமைதானே, அரை மணித்தியாலம் லைனை நிறுத்தியிருப்போமே என்று சிங்களத்தில் சொன்னார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுட்டுவிரல் கறுத்துக்கொண்டு வந்தது. நடுவிரலைப் பற்றி இன்னும் நாலு நாள் போகட்டும் என்றார்கள். தந்தி அடிக்கிறவனுக்குப் பெருவிரலும் இந்த இரண்டும்தான் தொழில். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் தினமும் போனேன். கஞ்சி கொண்டுபோனேன், பேப்பர் வாசித்துக் காட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இன்று அவருக்குக் காய்ச்சல், இன்று விரலை எடுத்த நாள், இன்று நன்றாகச் சிரித்துப் பேசுகிறார், ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

சுட்டுவிரலில் பாதியை எடுத்திருந்தார்கள். நடுவிரல் தப்பியது, ஆனால் மடங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும், நான் சொல்லச் சொல்ல எழுதும் என்றார். கட்டிலின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன். கையில் சின்னக் காயம், பயப்படத் தேவையில்லை, லீவு கிடைத்ததும் வருவேன் என்று சொல்லிக்கொண்டு போனார். மூத்த பிள்ளையின் படிப்பைக் கேட்டார். பிறகு இப்படிச் சொன்னார்:

"இதிலே என்ரை சிநேகிதர் மேலே ஒரு பிழையும் இல்லை எண்டு எழுதும். அவர் முறையாய் விசாரிச்சுப் போட்டுத்தான் வேலையைத் தொடங்கினவர். அங்கே ஆரோ பிழையாய்ச் சொல்லியிருக்கினம்."

பேனா நின்றுவிட்டது. 'முறையாக' வரை எழுதியிருந்தேன்.

"என்ன, விளங்கேல்லையோ?"

"அண்ணன், நான் கேக்கல்ல."

"என்ன?"

"மின்சார நிலையத்துக்கு நான் போகல்ல. யாரும் ஒண்டும் சொல்லல்ல. நானாவே நெனச்சத நான் அப்பிடிச் சொன்ன."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். ஒருவர் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன்.

"அந்த வரியை வெட்டும்," என்றார்.

வெட்டினேன்.

"மிச்சத்தை எழுதும்." வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றுவதைப் பற்றி இரண்டு வரி சொன்னார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். மேல்விலாசம் எழுதச் சொன்னார். எழுதினேன். எழும்பும்போது, "நாளைக்கு வரவேண்டாம்," என்றார். குரலில் கோபம் இல்லை. "நாளையிண்டைக்கும் வேண்டாம்."

அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவி முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்க," என்றாள்.

இரண்டு மாதத்துக்கு மேல் நான் அவரைப் பார்க்கவில்லை. தந்தி அலுவலகத்தில் தன்னுடைய கவனக்குறைவு என்று சொன்னாராம். அவரைத் தபால் பிரிக்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள், திரும்ப மெஷினில் உட்கார வேண்டுமென்றால் வேகப் பரீட்சை எழுத வேண்டுமாம் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். அலுவலகம் இருந்த தெருவால் போவதை நான் விட்டுவிட்டேன். ரேடியோவின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தேன். எதிர்ச்சரிவின் சவுக்கு மரம் ஜன்னலில் தெரிந்தது. ஜன்னலையும் மூடிவைத்தேன். என்மேல் வழக்குப் போடுவார், என் கடையில் வந்து நாலு பேர் முன்னால் கேட்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

"உமக்கு மோர்ஸ் விளங்கும்," என்றார். "ஒஃபிஸுக்கு வெளியிலே இந்த ஊரிலே விளங்கிற ஆள் வேற இல்லை."

நான் தலையாட்டினேன்.

"இடது கையாலே பழகப் போறன். நான் அடிக்கிறதை ஒராள் கேட்டு எழுதவேணும். அதுக்குத்தான் வந்தனான். வேற ஒண்டுக்கும் இல்லை."

அன்று பின்நேரமே தொடங்கினோம். எங்கள் வீட்டு மேசையில் பழக்கத்துக்கென்று வைத்திருந்த மோர்ஸ் தட்டும் சாவியையும் சத்தம் தரும் பஸ்ஸரையும் பொருத்தினோம். அவர் பேப்பரைப் பார்த்து இடது கையால் அடித்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினேன். கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கோடுகள் பாதியில் நின்றன. ஓரிடத்தில் எழுத்து ஒன்று தவறிப்போனது; அந்த வசனம் எனக்குப் புரிந்ததால் சரியான எழுத்தையே எழுதிக்கொண்டு போனேன்.

முடிந்ததும் தாளை வாங்கிப் பேப்பரோடு வைத்துப் பார்த்தார்.

"இதிலே பிழையே இல்லை," என்றார்.

"ஓ அண்ணன். நல்லா வந்திச்சு."

"இந்தச் சொல்லிலே நான் பிழையாய் அடிச்சனான். எனக்குத் தெரியும்." தாளை மேசையில் வைத்தார். "நான் அடிச்சதை எழுதும். நான் அடிக்க நினைச்சதை எழுதாதேயும். அது ஏலாதெண்டால் இப்பவே சொல்லும், நான் போறன்."

முகம் எரிந்தது. ஏலும் என்றேன். அன்றிலிருந்து அவர் அடித்ததை அடித்தபடியே எழுதினேன். சில நாள் தாள் முழுக்கக் குப்பையாக இருக்கும். அதை அவரிடம் நீட்டுவது, அந்த வரியை வெட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் வாங்கி, ஒவ்வொரு பிழையையும் பென்சிலால் சுற்றி, மறுபடி முதலிலிருந்து அடிப்பார். வேலை முடிந்து நேரே வருவார், பொழுது பட்டு ஒரு மணித்தியாலம் வரை அடிப்பார், போய்விடுவார். வேறு பேச்சு இல்லை. ரேடியோவின் மேல் கிடந்த துணியை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி என் மனைவி உள்ளேயிருந்து சொல்லியனுப்பினாள். அவர் தயங்கினார். மடங்காத விரலோடு சோறு பிசைய முடியாது, இடது கையால் ஒருவர் வீட்டில் சாப்பிட மனம் வராது. நான் அதை யோசிக்கவேயில்லை. சாப்பாடு வந்தபோது இரண்டு தட்டிலும் ஒவ்வொரு கரண்டி வைத்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டதில்லை. நான் என் கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினேன். சோறு மடியில் சிந்தியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவரும் தன்னுடையதை எடுத்தார்.

பரீட்சை ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய நாள் அவர் அடித்ததில் நாலு பிழை. போதுமா போதாதா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. புதன்கிழமை காலையிலிருந்து நான் கடையில் செய்த எதுவும் உருப்படவில்லை. பூட்டுக் கேட்டவருக்குக் கீலை எடுத்துக் கொடுத்தேன். பகல் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மூன்று மணிக்குத் தந்தி அலுவலகத் தெருவுக்குப் போய், எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து மெஷின்களின் கடகட என்ற சத்தம் ரோட்டுக்கு வந்தது. பல மெஷின்கள், பல கைகள். எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. இரண்டு தேத்தண்ணி ஆறிப்போனது.

நாலரைக்கு அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். ரோட்டைக் கடந்து வந்து எதிரே உட்கார்ந்தார். இடது கையை மேசையில் வைத்து, அதை மற்றக் கையால் மூடினார்.

"பாஸ் எண்டு விட்டிட்டினம்," என்றார். "மட்டுமட்டாய்."

தேத்தண்ணிக்காரரிடம் இன்னொரு கோப்பை கொண்டுவரச் சொன்னேன்.

அடுத்த மாதம் அவரைக் கம்பளைக்கு மாற்றினார்கள். அங்கே வேலை கொஞ்சம், வேகமும் அவ்வளவு தேவையில்லை. நான் ஸ்டேஷன்வரை போய் வழியனுப்பினேன். கடிதம் எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் எழுதவுமில்லை. ஆனால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பகல் ரெயிலில் வந்து வாசலில் நின்றார். பஸ்ஸரை எடுப்பதா ரேடியோவை எடுப்பதா என்று தெரியாமல் நான் நின்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்து சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தந்தி அடிக்கிறவர்களுக்கு ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்காமலேயே தெரியும். ஒவ்வொருவருடைய அடியும் ஒவ்வொரு மாதிரி, குரல் மாதிரி. பன்னிரண்டு வருஷமாக லைனில் அவரோடு பேசிய கொழும்புக்காரர் ஒருவர் இருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

"கம்பளையிலே முதல் நாள் நான் அடிக்க, அந்தக் கொழும்பு ஆள் மறிச்சுக் கேட்டது, நீர் ஆர் புது ஆள் எண்டு," என்றார். "புது ஆள் இல்லை, நான்தான் எண்டு என்ரை பேரை அடிச்சன். நம்பேல்லை. அவருடைய கை எனக்குத் தெரியும், நீர் அவர் இல்லை எண்டு திருப்பி அடிச்சுது."

"பொறகு?"

"பிறகென்ன. ரெண்டு கிழமையாய்ப் புது ஆளோடே கதைக்கிற மாதிரித்தான் கதைக்குது. நல்ல மரியாதையாய்." அவர் சிரித்தார். நான் உண்மையைச் சொன்ன பிறகு என் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "முந்தி அந்த ஆள் என்னை ஏசும் நானா. நல்லாய் ஏசும். எனக்கு அது பிடிக்கும்."

உள்ளே என் மனைவி தேத்தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டது. மன்னிச்சுக்கொள்ளுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை விடும். ரெயிலுக்கு நேரம் இருக்கு. ஏரியல் கட்ட வீட்டுக்குப் பின்னாலே, மேல்பக்கம் என்ன மரம் நிக்குது எண்டு காட்டும்."

எழும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன்.